வேலையை விட்டால்தான் கதை எழுத முடியுமா?

வாசகி கேட்டிருப்பது

மதுரை கோச்சடைப் பக்கம் குடியிருக்கும் 36 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

2013-இல் அஞ்சல் துறையில் போஸ்டல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தவர். இப்போது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு துணை அஞ்சலகத்தில் கவுன்ட்டர் வேலை. காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால், அன்றைய கணக்கை மூடும் டே எண்ட் முடித்து, கேஷ் டேலி ஆகி, வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடுகிறது. கணவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை. ஒன்பது வயதில் ஒரு மகள். மாமியாரும் உடன் இருக்கிறார். வீட்டுக் கடன் இரண்டு பேர் பெயரிலும் ஓடுகிறது.

கல்லூரி நாளிலிருந்தே கதை எழுதுகிறவர். சில சிறுகதைகள் சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன. நாவல் ஒன்று மூன்று வருடமாக 120-ஆம் பக்கத்திலேயே நிற்கிறது. எல்லோரும் படுத்த பிறகு பதினொரு மணிக்கு மேல் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறார். நாலரைக்கு எழுந்தாக வேண்டும். போன மாதம் தூக்கக் கலக்கத்தில் ஒரு வித்ட்ராயலுக்கு 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கைக்காசைப் போட்டுக் கணக்கை நேர் செய்திருக்கிறார். மாதத்தில் இரண்டு ஞாயிறு, தோழிகளோடு கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி என்று பறவை பார்க்கப் போகிறார். மாடியில் கொஞ்சம் தொட்டிச் செடிகளும் வைத்திருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை. வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேரமும் எழுதலாமா? அது முடியாது என்றால் பறவையையும் செடியையும் விட்டுவிடலாமா? அனுமதி வாங்காமல் கதை எழுதினால் ரூல் 16-இல் (சிறு தண்டனைக்கான துறை ஒழுங்கு நடவடிக்கை விதி) சார்ஜ் ஷீட் வரும் என்று உடன் வேலை பார்ப்பவர் பயமுறுத்துகிறாரே, உண்மையா? புனைபெயர் வைத்துக்கொண்டால் தப்பிக்கலாமா? 40,000 ரூபாய் கொடுத்தால் நாவலைப் போட்டுத் தருகிறேன் என்கிற பதிப்பாளரை நம்பலாமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும் அதோடு வைத்திருந்த சிறுகதையையும் படித்தேன். அரசு ஊழியர்களின் பணி சார்ந்த வழக்குகளை நடத்துகிறவள் நான். சட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் சட்டச் சிக்கலைவிடப் பெரிய சிக்கல் வேறு ஒரு இடத்தில் இருக்கிறது. நீங்கள் அதை ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

எழுதுவதற்கு அனுமதி வேண்டுமா?

முதலில் பயத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மத்திய அரசு ஊழியர். உங்களுக்குப் பொருந்துவது 1964-ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணிகள் நடத்தை விதிகள். அதில் 15-ஆம் விதி, அரசு ஊழியர் தனியாகத் தொழில் செய்யக் கூடாது, வேறு வேலை பார்க்கக் கூடாது என்று சொல்கிறது. அதே விதி, எப்போதாவது செய்கிற இலக்கிய, கலை, அறிவியல் பணிக்கு முன்அனுமதி தேவையில்லை என்றும் சொல்கிறது. அதற்கு வைத்திருக்கும் நிபந்தனை, அதனால் அலுவலக வேலை கெடக் கூடாது என்பது. நிறுத்தச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்டால் நிறுத்தவும் வேண்டும். சிறுகதை எழுதி இதழுக்கு அனுப்பியதற்காக யாரும் உங்கள் மேல் சார்ஜ் ஷீட் போட முடியாது. உங்கள் சக ஊழியர் விதியின் முதல் பாதியை மட்டும் யாரிடமோ கேட்டிருக்கிறார்.

‘எப்போதாவது’ என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுகதையும் நாவலும் அதற்குள் அடங்கும். தினமும் ஒரு அத்தியாயம் தருகிறேன் என்று ஏதாவது தொடர்கதைச் செயலியோடு ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் பணம் வாங்கினால், அது இரண்டாவது வேலை மாதிரிப் பார்க்கப்படலாம். அந்த மாதிரி வாய்ப்பு வந்தால் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். சொந்தமாகப் பதிப்பகம் தொடங்குவது இதில் சேராது, அது வியாபாரம். வீட்டுக்காரர் பெயரில் தொடங்கினாலும், குடும்பத்தில் ஒருவர் தொழில் செய்கிறார் என்பதைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்காக நீங்கள் ஆள் பிடித்துத் தரக் கூடாது.

பணம் வாங்கலாமா என்று தயங்கியிருக்கிறீர்கள். வெளி அமைப்புகளுக்குச் செய்யும் வேலைக்குக் கட்டணம் வாங்க அனுமதி வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அடிப்படை விதிகளில் ‘கட்டணம்’ எது என்று சொல்லும் இடத்தில், பணியில் பெற்ற அறிவின் துணை இல்லாமல் செய்த இலக்கிய முயற்சியின் வருமானம் அந்தக் கணக்கில் சேராது என்று தெளிவாகவே இருக்கிறது. இதழ் தரும் சன்மானத்தையும் ராயல்டியையும் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கில் மறக்காமல் காட்டுங்கள்.

புனைபெயர் உங்கள் இஷ்டம். அதை மறைவிடமாக நினைக்க வேண்டாம். புனைபெயரில் எழுதினாலும் எழுதியவர் நீங்கள்தான். அரசின் கொள்கையை விமர்சிப்பதைத் தடுக்கும் 9-ஆம் விதியும், அலுவலகத் தகவலை வெளியில் விடுவதைத் தடுக்கும் 11-ஆம் விதியும் எந்தப் பெயரில் எழுதினாலும் உங்களைக் கட்டுப்படுத்தும். ஒளிந்துகொள்ள வேண்டிய தப்பு எதையும் நீங்கள் செய்யவில்லை என்பதால், சொந்தப் பெயரிலேயே எழுதலாம் என்பது என் கருத்து.

இன்னொன்றும் இருக்கிறது. விதி வைக்கும் நிபந்தனை, அலுவலக வேலை கெடக் கூடாது என்பது. அப்படிப் பார்த்தால் நீங்கள் கதை எழுதுவதில் சட்டச் சிக்கல் இல்லை, இரவு ஒரு மணி வரை எழுதுவதில் இருக்கிறது. போன மாதம் போனது 2,000 ரூபாய். இன்னொரு நாள் ஒரு டெபாசிட்டில் பூஜ்யம் ஒன்று கூடிப்போனால், அன்றைக்கு வரும் சார்ஜ் ஷீட்டில் கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. கவனக்குறைவு என்று மட்டும்தான் இருக்கும். நாலரைக்கு எழுகிறவர் பத்தரைக்குள் படுத்தாக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

ராஜினாமா என்ற எண்ணம்

வேலை பார்க்கிறவரால் நல்ல எழுத்தாளராக முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் நடந்தது வேறு. தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்தார், பிறகு வானொலியில் வேலை பார்த்தார். வண்ணதாசன் வங்கி ஊழியர். பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. உங்கள் மதுரையிலேயே ஒரு நாளிதழ் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர் ப. சிங்காரம். அவர் எழுதியது இரண்டே நாவல்கள், இன்றைக்கும் அவர் பெயர் நிற்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டில் சோறு ஆக்கி வைக்க ஒருவர் இருந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. உங்களுக்கு அது இல்லை. அதைப் பற்றித்தான் கீழே சொல்லப்போகிறேன்.

முதலில் பணக் கணக்கு. 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு 10 விழுக்காடு ராயல்டி என்று வைத்துக்கொண்டால், 500 பிரதி விற்றால் உங்கள் கைக்கு வருவது 10,000 ரூபாய். அதுவும் வருடம் முடிந்து கணக்குப் பார்த்த பிறகு. உங்கள் வீட்டுக் கடனின் ஒரு மாதத் தவணையைக் கட்டவே அது காணாது.

அடுத்து, ராஜினாமாவையும் விருப்ப ஓய்வையும் நீங்கள் ஒன்றாக நினைத்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் கணக்கிலிருந்து போய்விடும், பணிக்கொடையும் அதோடு போகும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் பணம் உங்களுடையதுதான், யாரும் பறிக்க முடியாது. ஆனால் முன்கூட்டியே வெளியேறினால் அதில் பெரும்பகுதியை மாதாமாதம் சிறு தொகை தரும் திட்டத்தில் போட்டாக வேண்டும். முழுவதையும் கையில் வாங்கி நாவல் முடியும்வரை சாப்பிடலாம் என்ற கணக்கு நடக்காது. 20 வருடப் பணி முடித்துவிட்டு, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போனால் பணிக்காலம் அழியாது. உங்களுக்கு அந்த வருடம் 2033. அப்போது உங்களுக்கு வயது 44, மகள் கல்லூரியில் நுழைகிற நேரம். அன்றைக்கு இந்தக் கேள்வியை மறுபடி எடுங்கள். இன்றைக்கு ராஜினாமா கொடுத்து அது ஏற்கப்பட்டுவிட்டால், அதைத் திரும்பப் பெறுவது அரிது. 36 வயதில் மறுபடி தேர்வெழுதி இதே வேலைக்கு வரலாம் என்றால் வயது வரம்பு இடம் தராது.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறு. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் காலை நேரம் எப்படிப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். ‘சும்மாதானே இருக்க’ என்று கேஸ் புக் பண்ணுவது, ரேஷன், அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, மகளை டியூஷனில் விடுவது எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும். இப்போது சம்பளம் என்று ஒன்று வருவதால்தான் உங்கள் நேரத்துக்குக் கொஞ்சமாவது மதிப்பு இருக்கிறது. அதையும் விட்டுவிட்டால், எழுதும் நேரம் கூடாது, குறைந்துபோகும் என்றே நினைக்கிறேன்.

வீட்டில் கேட்க வேண்டியது

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இடம் இதுதான். ‘ராத்திரி பாத்திரம் விளக்கி, காலைக்குக் காய் நறுக்கி வைத்து, பாப்பாவின் ஹோம்வொர்க்கை முடித்துவிட்டுத்தான் நோட்டை எடுப்பேன், அவர் ஒன்றும் தடுக்க மாட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

தடுக்காமல் இருப்பது உதவி ஆகாது, சகோதரி. உங்கள் வீட்டுக்காரரும் ஆறரை மணிக்கு வேலையிலிருந்து வருகிறார். நீங்கள் ஏழரைக்கு வருகிறீர்கள். அவர் வந்து குளித்துவிட்டு டிவி பார்க்கிறார், நீங்கள் வந்து தோசைக்கல்லைப் போடுகிறீர்கள். ஞாயிறு சாயங்காலம் அவர் நண்பர்களோடு கேரம் ஆடப் போவதை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்வதில்லை. நீங்கள் அரிட்டாபட்டிக்குப் போனால் மட்டும் ‘உனக்குத்தான் பொழுதுபோக்கு’ என்ற பேச்சு வருகிறது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தால் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார், உங்கள் முதல் கதை வந்த இதழை அலுவலகத்துக்கு எடுத்துப்போய்க் காட்டியவர். ஆனால் நீங்கள் அவரிடம் ஒரு தடவைகூட நேரம் கேட்கவில்லை. பாத்திரம் விளக்கிய பிறகு மிச்சமாகும் நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரம் போதவில்லை என்றதும் வேலையை விடலாமா, பறவையை விடலாமா என்று உங்களுடையதிலேயே ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கிறீர்கள். அடுக்களை வேலையைப் பகிர்ந்துகொள்வது என்ற வழி உங்கள் கணக்கிலேயே வரவில்லை.

அலுவலகத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. கேட்க வேண்டியது வீட்டில். ‘எழுத உதவி பண்ணுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நான் என்ன வேணாம்னா சொன்னேன்?’ என்று பதில் வரும், பேச்சு அதோடு முடிந்துவிடும். நாளையும் நேரத்தையும் வேலையையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை அடுக்களையும் பாப்பாவும் அவர் பொறுப்பு. அந்த நாட்களில் மாவு இருந்தால் தோசை, இல்லாவிட்டால் பரோட்டாக் கடை. சாப்பாட்டில் என்ன குறை இருந்தாலும் நீங்கள் எழுந்து வரக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை உங்களுக்குத்தான். முதல் வாரம் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்கும்போது உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் இருப்பது உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

அடுக்களையில் உட்கார்ந்து எழுதுவதையும் நிறுத்துங்கள். அங்கே உட்கார்ந்தால் கண்ணில் படுவதெல்லாம் வேலைதான். உள்ளறையில் ஒரு மேசை, அதன்மேல் உங்கள் நோட்டு. சாத்திய கதவு வீட்டில் எல்லோருக்கும் பழக வேண்டும், அத்தைக்கும் சேர்த்து. அவரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள், மகன் வழியாகப் போக வேண்டாம். ‘எட்டிலேருந்து ஒம்பதரை வரைக்கும் எழுதுறேன் அத்தை, அதுக்கப்புறம் மாத்திரை எடுத்துத் தர்றேன்’ என்று சொன்னால் போதும். பெரியவர்களுக்கு நேரம் தெரிந்துவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

வாரத்துக்கு நாலரை மணி நேரம். உங்களுக்குக் குறைவாகத் தெரியும். தூக்கக் கலக்கம் இல்லாத நாலரை மணி நேரம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம் என்று வைத்தால்கூட, மாதத்தில் பதினெட்டுப் பக்கம் ஆகும். நாவல் 250 பக்கம் வரும் என்று சொல்லியிருக்கிறீர்கள். மிச்சம் 130 பக்கத்துக்கு ஏழெட்டு மாதம் போதும், நடுவில் காய்ச்சல், கல்யாணம், திருவிழா எல்லாம் வந்தாலும் ஒரு வருடத்துக்குள் முதல் வரைவு முடிந்துவிடும்.

பஸ்ஸில் வரும்போது காட்சிகள் தானாக ஓடுகின்றன, செக்கானூரணி தாண்டும்போது முழு உரையாடலே வந்துவிடுகிறது, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது எல்லாம் மறந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். பஸ் ஆட்டத்தில் எழுத முடியாதுதான். போனில் நாலு சொல் குறித்து வைத்தால் போதும். ‘கிழவி – சுருக்குப்பை – ரேகை – கோபம்’ என்று குறித்திருந்தால் இரவு எட்டு மணிக்கு அந்தக் காட்சி திரும்பி வரும். அலுவலகக் கணினியிலும் அலுவலக நேரத்திலும் மட்டும் ஒரு வரிகூட வேண்டாம், கூட்டமே இல்லாத மத்தியானமாக இருந்தாலும் சரி.

ஈட்டிய விடுப்பையும் நினைவில் வையுங்கள். வருடத்துக்கு 30 நாள் உங்கள் கணக்கில் ஏறுகிறது. சொந்த வேலை என்று காரணம் எழுதினால் போதும், நாவல் எழுத என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். விடுப்பு உரிமையாகாது, ஆள் பற்றாக்குறை என்று மறுக்கலாம். ஆகவே ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் எடுக்காதீர்கள், அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் வீடு முழுக்க விருந்தாளிகள் இருப்பார்கள். மகள் பள்ளிக்கூடம் போகிற சாதாரண வாரம் ஒன்றில் ஆறு நாள் எடுங்கள். வீட்டில் இருந்தால் வேலை இழுக்கும். புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். குழந்தை பராமரிப்பு விடுப்பை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் தரப்பட்டிருப்பது குழந்தைக்காக. மகளின் பொதுத்தேர்வு வருடங்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகள்

பறவை பார்ப்பதை விடாதீர்கள். நீங்கள் அனுப்பிய கதை ஏழு பக்கம். அதில் எனக்குப் பிடித்த இடம் மூன்றாம் பக்கத்தில் வருகிறது. பாறை இடுக்கில் வல்லூறு உட்கார்ந்திருக்கிறது, கீழே ஆடு மேய்க்கும் பையன் அதைப் பார்த்ததும் குட்டியைத் தூக்கித் துண்டுக்குள் மறைத்துக்கொள்கிறான். ஐந்தே வரி. மற்றப் பக்கங்களில் நீங்கள் விளக்கிக்கொண்டே போகிறீர்கள், இந்த இடத்தில் பார்த்ததை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். அரிட்டாபட்டிப் பாறையில் வெயில் ஏறும்வரை அசையாமல் உட்கார்ந்து பழகியவருக்கு மட்டும்தான் அப்படி எழுத வரும். அந்த மலை 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது சும்மா இல்லை, வல்லூறும் ராஜாளியும் தங்குகிற இடம். உங்கள் கதைகளும் அங்கே தங்கியிருக்கின்றன.

மாதத்தில் இரண்டு ஞாயிறு மலைக்குப் போகிறீர்கள், அப்படியே இருக்கட்டும். மகளையும் ஒரு முறை கூட்டிப்போய்ப் பாருங்கள். போட்டோக்களை வரிசைப்படுத்துவதிலும் குழுவில் பகிர்ந்து பதில் போடுவதிலும் போகிற இரவு நேரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். மலையில் போகிற நேரத்தைவிட அதற்கப்புறம் போனில் போகிற நேரம் அதிகம் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. மாடிச் செடிக்குக் காலையில் பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். அதை ஒரு கணக்கென்று எடுத்துக்கொண்டு வருத்தப்பட்டிருக்கிறீர்களே என்றுதான் எனக்கு வருத்தம். நாள் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணும் ஒருவருக்கு அந்தப் பத்து நிமிடம் கட்டாயம் வேண்டும்.

கவுன்ட்டரில் கேட்டது கதையாகும்போது

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் கதையில் வரும் பாட்டி நிஜமானவர் என்று படித்ததுமே தெரிகிறது. ஊர்ப் பெயர் அப்படியே இருக்கிறது. பேரன் எந்த வருடம், எந்தச் சாலையில் விபத்தில் இறந்தான் என்று இருக்கிறது. வந்த இழப்பீட்டை எத்தனை வருட டெபாசிட்டில் போட்டார், எவ்வளவு, யாரை நாமினியாகப் போட்டார், மருமகள் வந்து என்ன சண்டை போட்டாள் என்பது வரை இருக்கிறது. அந்த ஊரில் யார் படித்தாலும் ‘இது நம்ம பெரியாத்தா கதையில்ல?’ என்று கேட்பார்கள்.

சேமிப்புக் கணக்கின் விவரம் வாடிக்கையாளருக்கும் அஞ்சலகத்துக்கும் இடையிலான ரகசியம். அதைக் கதை வழியாக வெளியிட்டாலும் 11-ஆம் விதி பாயும். உங்கள் சக ஊழியர் சொன்ன சார்ஜ் ஷீட் வருவதானால் இந்த வழியில்தான் வரும். மருமகளை நீங்கள் காட்டியிருக்கும் விதத்துக்கு அவர் அவதூறு வழக்கும் போடலாம். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அது, இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. பெயரை மாற்றிவிட்டேன், ‘அனைத்தும் கற்பனையே’ என்று கீழே போட்டுவிட்டேன் என்பதெல்லாம் முழுக் காப்பு ஆகாது. ஆள் யார் என்று ஊருக்குத் தெரிகிறதா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பாட்டி உங்களை நம்பித்தான் சுருக்குப்பையைக் கவுன்ட்டரில் கவிழ்த்தார்.

அதற்காகக் கதையைக் கிழித்துப் போட வேண்டாம். ஊரை மாற்றுங்கள். பேரனை மகளாக்கலாம், விபத்தை நோயாக்கலாம், தொகையும் நாமினி விவகாரமும் கதைக்குத் தேவையே இல்லை. ரேகை வைத்த பெருவிரலில் ஒட்டிய மையைத் துடைக்காமல் அவர் முந்தானையில் பொத்திக்கொண்டு போனார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தொடாதீர்கள். அது யாருடைய ரகசியமும் இல்லை, உங்கள் கண் பார்த்தது. நாவலிலும் இந்தக் கண்ணோடு ஒரு முறை முழுக்கப் போய் வாருங்கள்.

நாற்பதாயிரம் கேட்கும் பதிப்பாளர்

பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுக் கொடுப்பது சட்டப்படி குற்றமில்லை, அது ஒரு சேவை. ஆனால் பணமும் நீங்கள் கொடுத்து, உரிமையையும் அவருக்கே எழுதித் தருவது எந்த ஊர் நியாயம்? நீங்கள் நகலெடுத்து அனுப்பிய ஒப்பந்தத்தில் ‘இப்படைப்பின் அனைத்து உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கே’ என்று இருக்கிறது. சினிமா, மொழிபெயர்ப்பு, ஒலிநூல் எல்லாம் அதற்குள் போய்விடும்.

1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதியதற்கு முதல் உரிமையாளர் நீங்கள். அஞ்சல் துறை ஊழியர் என்பதால் துறைக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது, அலுவலக வேலையாக நீங்கள் அதை எழுதவில்லை. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்கப்புறம் 60 வருடமும் அந்த உரிமை உண்டு. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உரிமையை ஒருவருக்கு மாற்றித் தருவதானால் அது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும், எந்த உரிமை, எத்தனை வருடம், எந்தப் பகுதி, எவ்வளவு ராயல்டி என்று சொல்லியிருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், பகுதி குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது திரும்ப உங்களிடமே வந்துவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. அந்த ‘நிரந்தரமாக’ என்ற ஒரு சொல்லில் கையெழுத்துப் போட்டால், சட்டம் தருகிற பாதுகாப்பில் பெரும்பங்கை நீங்களே கழற்றிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

அவரிடம் இப்படிக் கேளுங்கள். அச்சுப் புத்தக உரிமை மட்டும், தமிழில் மட்டும், மூன்று வருடத்துக்கு. மற்ற உரிமைகள் ஆசிரியரிடமே. வருடத்துக்கு ஒரு முறை விற்பனைக் கணக்கு, ராயல்டி விழுக்காடு எண்ணில். எத்தனை பிரதி அச்சடிக்கிறார் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பணம் கேட்காமல் நாவல் போடும் பதிப்பகங்கள் தமிழில் இருக்கின்றன. அங்கே பதில் வர மாதக்கணக்கில் ஆகும், பலர் மறுப்பார்கள். இருந்தாலும் முதலில் அந்த வாசல்களைத்தான் தட்ட வேண்டும். 40,000 ரூபாயை மகள் பெயரில் உள்ள செல்வமகள் கணக்கில் போடுங்கள், அதன் வட்டிக் கணக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அவர் இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நாவல் இன்னும் 120-ஆம் பக்கத்தில்தான் இருக்கிறது. முடித்த பிறகு பேசுகிறேன் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். பிறகு வேறு யாரிடமிருந்து ஒப்பந்தம் வந்தாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பு எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.